மூன்று தரம் கேட்ட பூ

"ஏம்மிணி, பூவு வாக்குச் சொல்றப்ப உன்ற கணக்கு குறுக்க வருமாக்கும்?" என்று மாமா கேட்டார். அம்மாவின் தம்பி. கொள்ளேகாலத்திலிருந்து தனக்கே என்னைப் பெண் கேட்டு மைசூருக்கு வந்திருந்தார்.

நான் இன்டர்மீடியட் தேறியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அதில் எனக்குக் கர்வமும் உண்டு. கணக்கு எடுத்து பி.ஏ. சேர வேண்டும் என்றேன். அரண்மனை லாயத்தில் குதிரைகளுக்குக் கொள்ளு வைக்கும் அப்பாவால் மைத்துனரிடமும் முடியாது என்று சொல்ல இயலவில்லை, என்னிடமும் இயலவில்லை. ஊர் வழக்கப்படி மாரியம்மனிடம் பூக் கேட்கலாம் என்றார். ஒரு மல்லிகையையும் ஒரு செவ்வரளியையும் தனித்தனி இலையில் மடித்து, குலுக்கிப் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் படிப்பு, சிவப்பு வந்தால் கல்யாணம்.

சரிபாதி. சம்மதித்தேன். ஆனால் கோயிலில் அப்பாவுக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது.

"ஒருக்கா போதாதுங்க பூசாரி. மூணு தரம் போடுங்க. மூணும் வெள்ளையா வந்தாப் படிக்கட்டும். பாவம், புள்ளைக்கு மூணு வாய்ப்பாச்சு."

"ஐயோ, கூடலீங்கப்பா, கொறையுது! பாதி, அதுல பாதி, அதுலயும் பாதி. எட்டுல ஒண்ணுதானுங்க."

"ஒண்ணவிட மூணு கொறச்சலா?" மாமா சிரித்தார். "பி.ஏ. கெடக்கட்டும், மொதல்ல ஒண்ணு ரெண்டு எண்ணப் படிக்கட்டும்."

அம்மாதான் எடுத்தாள். வெள்ளை. பூசாரி புதுப் பூக்களை மடித்தார். மறுபடியும் வெள்ளை.

"சாமி உன்ற பக்கந்தான் கண்ணு, இனி மாத்தாது" என்றாள் அம்மா.

"ரெண்டு வெள்ளை வந்தாச்சில்லக்கா, இனிச் செவப்புத்தான்" என்றார் மாமா.

"முந்தி என்ன வந்துச்சுன்னு இந்தப் பொட்டணத்துக்குத் தெரியாதுங்க மாமா. இப்பவும் சரிபாதிதான்" என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் என் பாடம் பொய்யாகி அம்மா சொன்னது மெய்யாக வேண்டும் என்றுதான் நானும் நின்றேன்.

சிவப்பு வந்தது.

"சொன்னனா இல்லியா?" என்றார் மாமா. தப்பான காரணம் சொல்லி ஜெயித்தவரிடம் எதை வைத்து வாதாடுவது? அப்பா நிம்மதியாக விபூதி பூசிக்கொண்டார். அம்மா மட்டும் தன் வலக்கையையே பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

"ராசியில்லாத கையி. நாந்தான் கெடுத்துப்புட்டேன்."

"கையில ஒண்ணுமில்லீங்கம்மா. யார் எடுத்தாலும் பாதிக்குப் பாதிதான்" என்றேன். அவள் இன்னும் அதிகமாக அழுதாள்.

ஆனியில் முகூர்த்தம் குறித்தாயிற்று. தகப்பனாரின் கையொப்பமோ கைரேகையோ இல்லாத சேர்க்கை மனுவைக் கல்லூரியில் ஏற்பதில்லை என்று குமாஸ்தா சொன்னார். அப்பா அம்மனை மீறி ரேகை வைக்கமாட்டார். அந்த ஓர் இடத்தை வெறுமையாக விட்டு, மற்றதையெல்லாம் நிரப்பி, எட்டில் ஒன்றுகூடத் தேறாது என்று தெரிந்தும், நேற்றுக் காலை மனுவைக் குமாஸ்தாவின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.