வெட்டக் கூடாத கத்தி

அரைமில்லி என்ற பெயரை அவருக்கு வாடிக்கையாளர்கள்தான் வைத்தார்கள். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து, சட்டத்துக்குள் பொருத்திக் கொடுப்பது அவர் வேலை. யார் வந்து நின்றாலும் முகத்தை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இடது காது அரை மில்லி மேல இருக்கு" என்பார். பெற்ற தாயே கண்டுபிடிக்காத கோணலை இவர் வாயால் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் நிலைக்கண்ணாடி முன் காதைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் உண்டு.

இருபத்தாறு வருஷமாக அந்த வேலையில் இருந்த மனிதர், விளிம்பு விஷயத்தில் கோட்டை விட்டது ஒரே ஒரு தடவைதான். அதுவும் சொந்த மனைவிக்காகச் செய்த வேலையில்.

மனைவி தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவள். முழங்கால் வலிக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். நடக்கப் போன முதல் நாளே மழை பிடித்துக்கொண்டது. சைக்கிள் கிடங்கின் படிக்கட்டில் ஒதுங்கினாள். மாடியில் தடால் தடால் என்று ஆள் விழும் சத்தம். என்னதான் நடக்கிறது என்று ஏறிப் பார்த்தவள், அங்கே நடந்துகொண்டிருந்த தற்காப்பு வகுப்பில் சேர்ந்துவிட்டுத்தான் இறங்கினாள். நாலு வருஷத்தில் தன்னைப்போல் இரண்டு மடங்கு ஆளைத் தரையில் கிடத்தும் அளவுக்கு வந்துவிட்டாள். முழங்கால் வலி மட்டும் அப்படியே இருந்தது.

அந்த வகுப்பை நடத்திய மாஸ்டரம்மா வேறு ஊருக்குக் குடிபோகப் போவதாகச் சொன்னபோதுதான் கதை தொடங்கியது. பயிற்சியாளர் தேர்வில் யாராவது தேறினால் வகுப்பு அவர் கைக்குப் போகும். இல்லையென்றால் மூட வேண்டியதுதான். தேர்வு எழுதத் தகுதியுள்ள ஒரே ஆள் அரைமில்லியின் மனைவி. அவளோ போன வருஷம் அதில் தோற்றவள்.

தேர்வு இப்படி: வெள்ளைச் சட்டை போட்டு நிற்க வேண்டும். எதிராளி கையில் கூர் இல்லாத அலுமினியக் கத்தி. அதன் விளிம்பில் லிப்ஸ்டிக் பூசியிருக்கும். முப்பது தடவை பாய்வான். சட்டையில் மூன்று கோட்டுக்கு மேல் விழுந்தால் தோல்வி. போன வருஷம் அவள் சட்டையில் ஏழு கோடு. வகுப்பில் இருந்ததெல்லாம் மரக்கத்தி. உலோகம் மின்னிக்கொண்டு வேறு கனத்தில் வந்தபோது கண் ஒரு பக்கம் போனது, கை ஒரு பக்கம் போனது.

இந்தத் தடவை உலோகக் கத்தி வாங்கித் தருவதாக அவள் தம்பி பொறுப்பேற்றிருந்தான். அவனும் அதே வகுப்புதான்.

"கப்பல்ல வருதுக்கா."

"ஆர்டர் பண்ணி மூணு மாசம் ஆச்சேடா. நீந்தியிருந்தாக்கூட இந்நேரம் வந்திருக்கும்."

தேர்வுக்கு இருபது நாள்தான் இருந்தது. இதையெல்லாம் கேட்டபடி சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்த அரைமில்லி, "நான் செஞ்சு தரட்டுமா?" என்றார்.

தம்பி சிரித்துவிட்டான். "மச்சான், அது மூக்குல மாட்டுறது இல்ல. விலாவுல குத்துறது."

"ரெண்டுமே அளவு தப்பினா வலிக்கும்பா."

மறுநாளே ஜன்னல் சட்டம் செய்யும் கடையிலிருந்து அலுமினியப் பட்டை வந்து இறங்கியது. நாலு மில்லி தடிமன், இரண்டு விரல் அகலம். சாப்பாட்டு மேசையில் பழைய துண்டை மடித்துப் போட்டு, அதன் மேல் பட்டையை இறுக்கிப் பிடிக்க ஒரு சின்ன வைஸை முடுக்கினார். அட்டையில் கத்தி வடிவம் வெட்டி, பட்டையில் வைத்துக் கோடு கீறி, ரம்பத்துக்கு மெழுகுவத்தியைத் தேய்த்து அறுத்தார். அலுமினியம் பார்க்கத்தான் சாது. அரத்தை வைத்தால் மாவு மாதிரி அதன் பல்லில் அப்பிக்கொள்ளும். அரத்தின் மேல் சாக்பீஸைத் தேய்த்தால் ஒட்டாது என்பதை அவராகவே கண்டுபிடித்து, அன்று முழுவதும் பெருமையாக இருந்தார். வீடெங்கும் வெள்ளிப் பொடி. உப்பு ஜாடிக்குள்கூட மினுக்கியது.

"உடம்புல இரும்புச் சத்து கம்மின்னு டாக்டர் சொன்னாரு. நீங்க அலுமினியமா சேக்குறீங்களே" என்றாள் மனைவி.

ஐந்தே நாளில் ஆறு கத்தி. மூன்று வகை எமரித் தாள் போட்டுத் தேய்த்ததில் முகம் பார்க்கலாம்போல் இருந்தது. பிடியில் பூப்பந்து மட்டைக்குச் சுற்றும் டேப். துணியில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கிப் போவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு கிடங்கு மாடிக்குப் போனார்.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கத்தி எதுவானாலும், கொண்டு வந்தவர் எல்லோர் முன்னாலும் அதைத் தன் முன்கையில் ஒரு இழுப்பு இழுத்துக் காட்ட வேண்டும். மரக்கத்தியில் சிராய் இருக்கிறதா என்று பார்க்க ஏற்பட்ட பழக்கம். அரைமில்லி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மேடையேறிய மாப்பிள்ளைபோல் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இழுத்தார்.

கையில் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டதுபோல் ஒரு கோடு எழுந்தது.

"அட, நேரா வந்திருக்கே" என்றார். அதன் பிறகுதான் அது ரத்தம் என்று உறைத்து, பக்கத்தில் இருந்த பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தார்.

மாஸ்டரம்மா கத்தியை வாங்கி விளிம்பைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தாள். "சார், இதை வெச்சு ஆபரேஷனே பண்ணலாம்."

நடந்தது இதுதான். லென்ஸின் விளிம்பைக் கூரைபோல் இரு பக்கமும் சரித்துத் தேய்த்தால்தான் அது சட்டத்தின் உள்பக்கக் காடிப் பள்ளத்தில் போய் உட்காரும். இருபத்தாறு வருஷமாக அவர் கை அதைத்தான் செய்துவந்தது. விளிம்பை மழுக்குகிறோம் என்று மனம் நினைத்துக்கொண்டிருக்க, ரேடியோ கேட்ட சுகத்தில் கை பாட்டுக்கு ஆறு கத்திக்கும் கூரை போட்டுவிட்டது.

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்னு சொல்லுவாங்க" என்றான் தம்பி. "நாங்க உங்ககிட்ட கேட்டது ஆயுதத்தையே புல்லா ஆக்கித் தரச் சொல்லி மச்சான்."

வீட்டுக்குத் திரும்பும்போது மனைவி நாலடி முன்னால் நடந்தாள். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவருக்கு.

அன்றே ஒரு கத்தியை வைஸில் கட்டி, கூர் போகும்வரை அராவினார். போயிற்று. ஓரத்தை உருட்டிவிட நாலு இழுப்பு இழுத்தார். கூரை திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. மறுபடி அராவினார், மறுபடி கூரை. பழக்கம் கொடியது, பாறையிலும் கோழி சீய்க்கும் என்பார்களே, அந்தக் கோழி தன் மணிக்கட்டுக்குள் குடியிருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. கத்தியோ ஒவ்வொரு தடவையும் இளைத்துக்கொண்டே போனது. இன்னும் இரண்டு தடவை அராவினால் பல் குத்தத்தான் ஆகும்.

மனைவி டீயை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். கத்தியைப் பார்க்கவில்லை, அவர் கையைப் பார்த்தாள்.

"நிறுத்துங்க. இன்னொரு தடவை இழுங்க."

இழுத்தார்.

"ஒவ்வொரு இழுப்போட கடைசியிலயும் உங்க மணிக்கட்டு ஒரு திருகு திருகுது. எதிர்ல வர்றவன் கையை நாலு வருஷமா இப்படித்தான் பாத்துட்டிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

"எனக்கே தெரியலையே."

"குத்த வர்றவனுக்கும் தெரியாது." டீயைக் குடித்து முடித்தாள். "உங்களுக்கு இன்னொரு கை இருக்கே, அதுக்கு இந்தத் தொழில் தெரியுமா?"

"அதுக்குச் சீப்பு பிடிக்கவே தெரியாது."

"அதான் வேணும்."

வகுப்பில் இடுப்பில் கட்டும் பட்டையை எடுத்துவந்து, அவர் வலது கையை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினாள். இடது கையில் சின்ன அரத்தைக் கொடுத்தாள். அந்த நேரம் பார்த்துத் தம்பி உள்ளே வந்தான்.

"என்னக்கா, விசாரணையா? மச்சான் எதையாவது ஒத்துக்கிட்டாரா?"

இடது கை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோல் அராவியது. கோணியது, வழுக்கியது, ஓர் இடத்தில் ஆழமாகத் தின்றது. ஆனால் விளிம்பு நாணயத்தின் ஓரம்போல் மழுங்கி வந்தது. ஆறு நாளில் இரண்டே கத்தி. அவற்றைப் பார்க்கவே அரைமில்லிக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு விளிம்பும் நேர் இல்லை. கடையில் இப்படி ஒரு லென்ஸ் வந்திருந்தால் செய்தவனைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பார்.

மறுபடி கிடங்கு மாடி. அவர் சட்டைக் கையை மடித்தார். பழைய கோடு இன்னும் ஆறவில்லை. மனைவி கத்தியை அவர் கையிலிருந்து வாங்கினாள். திரும்பித் தம்பியின் கையைப் பிடித்தாள்.

"அக்கா! அக்கா, வேணாம்! ஐயோ!"

"இன்னும் வெக்கவே இல்லடா."

வைத்தாள், இழுத்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு கறை, அவ்வளவுதான். தம்பி கண்ணைத் திறப்பதற்குள் மொத்த வகுப்பும் சிரித்து முடித்திருந்தது.

மிச்சம் இருந்த ஒன்பது நாளும் அந்த இரண்டு கத்தியோடுதான் அவள் பயிற்சி.

தேர்வும் அதே மாடியில்தான். இந்த வருஷத்திலிருந்து கத்தியை அவரவரே கொண்டுவர வேண்டும். தேர்வாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யார் செஞ்சது? எலி கரும்பைக் கடிச்ச மாதிரி இருக்கு." அரைமில்லி கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டார்.

முப்பது பாய்ச்சல். அவள் நகர்ந்தாள், வளைந்தாள், தட்டிவிட்டாள். முடிந்து மூச்சு வாங்கியபோது தோளில் ஒரு கோடு, விலாவுக்குக் கீழே ஒரு கோடு. முழங்கைக்கு மேல், ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு சின்னக் கோடு.

"நாலு" என்றார் தேர்வாளர். பேனாவைத் திறந்தார்.

மாஸ்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மனைவி அப்படியே நின்றாள்.

அரைமில்லி எழுந்தார். இருபத்தாறு வருஷத்தில், தன் வேலையில் குறை இருக்கிறது என்று அவர் நாலு பேர் முன்னால் சொன்னதில்லை.

"சார், அந்தக் கத்தியைக் கோட்டு மேல வெச்சுப் பாருங்க. நுனியிலருந்து மூணு விரல் தள்ளி ஒரு பள்ளம் இருக்கும். அந்த எடம் துணியைத் தொடாது. என் தப்புதான் சார், நல்லா பாருங்க. பெரிய தப்பு."

தேர்வாளர் குனிந்து கத்தியைச் சட்டைக் கையின் மேல் பொருத்தினார். முதல் கோடு முடிந்த இடத்தில் பள்ளம் தொடங்கியது; பள்ளம் முடிந்த இடத்தில் இரண்டாவது கோடு தொடங்கியது. நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார், அரைமில்லியைப் பார்த்தார்.

"ஒரே வெட்டுதான்" என்றார். "மூணு."

தம்பி போட்ட கூச்சலில் கீழே சைக்கிள் கிடங்குக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். மாஸ்டரம்மா சாவியை மனைவியின் கையில் வைத்து அழுத்தினாள். அரைமில்லி வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மனைவியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். சட்டைக் கையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இந்தக் கறை துவைச்சா போகுமா?"

"போகாது" என்றார்.

"நல்லது" என்றாள்.