மாமியின் ஜப்பான் உயரம்

எங்கள் நோர்பரி வீட்டில் நீளத்துக்கு மூன்று கணக்கு இருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் படித்தது சென்ரிமீற்றர். பெரியவர்கள் பேசியது அடி, அங்குலம். மூன்றாவது, சித்தப்பாவின் அளவுநாடா.

சித்தப்பா குரோய்டனில் ஒரு தளபாடக் கடையில் வேலை செய்தார். கூட வேலைசெய்த ஜப்பானியத் தச்சர் ஒருவர் நாடு திரும்பும்போது தன் இரும்பு நாடாவை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். சித்தப்பா அந்த நாடாவால் சமையலறைச் சுவரை அளந்து, கடை நாடாவால் பலகையை அறுத்தார். பலகை சுவருக்கு எட்டவில்லை. லண்டன் சுவர்கள் குளிருக்குச் சுருங்கி வெயிலுக்கு விரிகின்றன என்று சொல்லிவிட்டார்.

உண்மையான காரணத்தைப் பத்து வயதில் நான் கண்டுபிடித்தேன். நூலகத்தில் பழைய அளவுகள் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. ஆங்கிலேயர் ஒருகாலத்தில் துணியை எல் என்றும் நிலத்தைச் செயின் என்றும் அளந்ததெல்லாம் அதில் இருந்தது. ஜப்பானியரின் அளவு ஷாக்கு. அது நம் அடியைவிட மயிரிழை குறைவு, அவ்வளவுதான். ஆனால் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம். ஷாக்குவுக்குப் பத்தே சுன். ஆகவே ஒரு சுன் ஓர் அங்குலத்தைவிடப் பெரியது. இரண்டையும் பொருத்தி ஓர் அட்டவணை போட்டுச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதை நான் எதிர்பார்த்ததைவிட ஆர்வமாகப் படித்தார். அறிவைத் தேடுகிறார் என்று நினைத்தேன்.

அப்போது மாமிக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமியின் உயரம் ஐந்தடி எட்டரை அங்குலம். சாதகம் பொருந்தி, படிப்புப் பொருந்தி, உயரத்தில் வந்து முறிந்த சம்பந்தங்கள் பல. இம்முறை இல்ஃபோர்ட் மாப்பிள்ளை. ஐந்தடி எட்டு என்று எழுதியிருந்தார்கள். மாமி வழக்கமாக மாப்பிள்ளைகளின் படங்களைத் தொடவே மாட்டார். இந்தப் படத்தை மட்டும் அடிக்கடி எடுத்துப் பார்த்தார். கேட்டால், "பின்னால நிக்கிற பூமரம் என்னெண்டு பாக்கிறன்" என்றார்.

சித்தப்பா மாமியைக் கதவோடு நிறுத்தி ஜப்பான் நாடாவால் அளந்தார். ஐந்து ஷாக்கு, ஏழு சுன், இன்னும் கொஞ்சம். கொஞ்சத்தை விட்டுவிட்டார். எங்கள் ஆட்கள் ஐந்தடி ஏழு அங்குலத்தை 5.7 என்று எழுதுவது வழக்கம். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் குறிப்பில் அவரும் 5.7 என்று எழுதினார்.

"அது ஜப்பான் அஞ்சு ஏழு, சின்னண்ணை. பொய்யெல்லே?" என்றார் மாமி.

"என்ன பொய்? அடி எண்டு நான் எழுதினனானே? வெறும் அஞ்சு புள்ளி ஏழு. ஜப்பான்காரனைக் கேட்டாலும் சரியெண்டுதான் சொல்லுவான்."

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் தாயாரும் வந்தார்கள். மாமி தோளைக் குறுக்கி, முழங்காலைச் சேலைக்குள் சற்றே மடித்து, தேநீர்த் தட்டோடு நடந்து வந்தார். தாயாரின் பார்வை பாதத்திலிருந்து உச்சி வரை மெதுவாக ஏறியது.

"பிள்ளை நல்ல நெடுப்பமாத் தெரியுது."

"அது சீலையின்ர கோடம்மா," என்றார் சித்தப்பா. "நெட்டுக்கோடு அப்பிடித்தான் காட்டும்."

"கோட்டுக்குள்ள ஆளும் நிக்குதெல்லோ, தம்பி."

சித்தப்பா இதற்காகவே காத்திருந்தவர்போல நாடாவை எடுத்தார். "சந்தேகம் எண்டால் அளந்து பாப்பம்." மாமி அவரைப் பார்த்த பார்வையில் தேநீர் கொதித்திருக்கும். ஆனாலும் போய்க் கதவோடு நின்றார். சித்தப்பா நாடாவைத் தாயாருக்கு நீட்டினார். "வடிவாப் பாருங்கோ. அஞ்சு, ஏழு."

பிழையான அலகைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் அன்றும் முடியாது, இன்றும் முடியாது.

"சித்தப்பா, அது ஷாக்கு. அதில பத்துத்தான் இருக்கு, பன்னிரண்டு இல்லை. மாமி அஞ்சடி எட்டரை. நான் அட்டவணை போட்டுத் தந்தனானே?"

தாயார் கோப்பையை வைத்தார். சித்தப்பா கூரையைப் பார்த்தார். மாமி கதவை விட்டு நகரவில்லை. மடிந்திருந்த முழங்கால்கள் மட்டும் மெல்ல நிமிர்ந்தன. இனி ஒளிக்க எதுவும் இல்லை.

மாப்பிள்ளை எழுந்தார். "தங்கச்சி, எனக்கும் ஒருக்கால் அளந்து சொல்லுங்கோ," என்று என்னிடம் சொல்லிவிட்டு, மாமிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

நான் கதிரையில் ஏறி அளந்தேன். ஐந்து ஷாக்கு, ஆறு சுன், இன்னும் கொஞ்சம். கொஞ்சத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தேன்.

"அஞ்சடி ஏழு," என்றேன்.

"அதெப்பிடி?" என்றார் தாயார். "இவன் அஞ்சடி எட்டு!"

"அது சப்பாத்தோட, அம்மா," என்றார் மாப்பிள்ளை.

முதலில் சிரித்தது மாமி. அதுவும் வாயைப் பொத்தாமல். "நானும் சப்பாத்துப் போடுறனான்," என்றார்.

"போடுங்கோ," என்றார் அவர். "நான் அண்ணாந்து பாக்கிறன்."

சித்தப்பா தொடையில் அடித்துச் சிரித்தார். தாயாரும், வேறு வழியில்லாமல், கோப்பையைத் திரும்ப எடுத்து இன்னும் கொஞ்சம் சீனி கேட்டார்.

நான் கதிரையிலிருந்து இறங்காமல் கணக்கை மறுபடி பார்த்தேன். வித்தியாசம் அரை அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குலமாகியிருந்தது. பிரச்சினை மூன்று மடங்கு பெரிதாகியிருக்கும்போது இவர்கள் எதற்காக நல்லநாள் பார்க்கக் கலண்டரைத் தேடுகிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.