சரி என்றால், எதற்குச் சரி?

போராட்டத்தில் அடி வாங்குவது சுலபம். பதில் வாங்குவதுதான் கஷ்டம். ஈமெயில் குழுக்களில் மாட்டிக்கொண்டு விழிக்கும் நண்பர்களே, உங்கள் அவஸ்தையை எழுபதுகளிலேயே அனுபவித்தவன் நான். துண்டுப் பிரசுரங்களில் தமிழ் படித்தவன். ஒரு வரியில் முடிவதை ஒரு பக்கம் எழுதுகிறவர்களை இன்றுவரை மன்னிக்கவில்லை.

சதுரங்கப்பட்டினத்தில் கடற்கரைக்குப் போக இருந்தது ஒரே பாதை. சவுக்குத் தோப்புக்காரர் ஒருவர் அதை வேலி போட்டு அடைக்கப் பார்த்தார். அடைத்துவிட்டால் மீன் கூடை ரோட்டுக்கு வராது. அதைத் தடுக்கத்தான் எங்கள் சுற்றுத்தாள். செங்கல்பட்டில் நான் எழுதி பஸ் கண்டக்டரிடம் கொடுப்பேன். ஒவ்வொரு ஊர்க்காரரும் படித்து, கீழே பதில் எழுதி, அடுத்த ஊருக்கு அனுப்புவார்.

முத்து முத்தான கையெழுத்து

சிங்கப்பெருமாள் கோயில் தேவராஜன் வக்கீல் குமாஸ்தா. நான் எழுதியது முழுவதையும் அப்படியே திரும்ப எழுதி, அடியில் 'மேற்கண்டதை வழிமொழிகிறேன்' என்று முடிப்பார். சதுரங்கப்பட்டினத்து மீனவர் ஏழுமலைக்கு எழுத்து வராது. ஒருநாள் டீக்கடையில் அந்தத் தாளை நானே படித்துக் காட்டினேன். இரண்டாம் பக்கம் வரை பொறுமையாகக் கேட்டவர் சொன்னார்: "படிச்சதையே படிச்சிகினு கீறியே அண்ணாத்த, புச்சா இன்னா கீது?"

ஊரறிந்த மருந்து

கடப்பாக்கத்தில் துணிக்கடை வைத்திருந்த காதர் பாய் நல்ல மனிதர். என்னிடம் தனியாகக் கேட்க வேண்டியதைச் சுற்றுத்தாளில் கேட்டுவிட்டார்: 'தோழர், மூலத்துக்குக் கொடுத்த லேகியம் கேட்டதா?' தாள் எல்லா ஊரையும் சுற்றி வந்தது. அடுத்த கூட்டத்தில் நான் வேலியைப் பற்றிப் பேச எழுந்தேன். ஏழுமலை தலைப்பாகையை அவிழ்த்து, மடித்து, பெஞ்சில் மெத்தையாகப் போட்டார். "நின்னுகினே பேசாத அண்ணாத்த, இதுமேல குந்து."

ஒரே ஒரு சொல்

தோப்புக்காரர் கம்பங்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். 'திங்கட்கிழமை தாலுகா ஆபீசில் மனுவா, வேலி முன்னால் மறியலா?' என்று எழுதினேன். காதர் பாய் 'சரி' என்று மட்டும் எழுதினார். தேவராஜன் வழக்கம்போல் எல்லாவற்றையும் திரும்ப எழுதி, அந்தச் சரியையும் வழிமொழிந்தார்.

திங்களன்று கடப்பாக்கத்துக்காரர்கள் மனுவோடு செங்கல்பட்டு தாலுகா ஆபீசில் நின்றார்கள். வேலி முன்னால் உட்கார்ந்தது சதுரங்கப்பட்டினம் மட்டும்தான். அவர்களைப் போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பாதிக் கம்பம் நட்டாகிவிட்டது. சாயங்காலம் வெளியே வந்த ஏழுமலை, ஸ்டேஷன் வாசலில் நின்ற காதர் பாயிடம் கேட்டார்: "எதுக்கு பாய் சரின்னே?" பாய் தலை குனிந்தபடி சொன்னார்: "ரெண்டுமே நல்லாதானே இருந்துச்சி."

ஏழுமலையின் பதில்

அங்கேயே அடுத்த தாளில் நான் கேள்வியை எழுதி முடிப்பதற்குள் ஏழுமலை கையை நீட்டி மறித்தார். "நான் சொல்றத எழுது. நாளைக்கு விடிகாலைல, வேலிகிட்ட, அல்லாரும் வரணும். மீதிய அப்பால பேசிக்கலாம்." அதை மட்டும் எழுதினேன். பஸ் போன ஊரிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. காதர் பாய் கடையைப் பூட்டிவிட்டு முதல் பஸ்ஸில் வந்து, நடாத கம்பங்களின் மேல் உட்கார்ந்துகொண்டார். எங்களை ஏற்ற வேன் போதவில்லை. தாசில்தாரே வந்து பார்த்து, நட்ட கம்பங்களையும் பிடுங்கச் சொன்னார். மீன் கூடைகள் ரோட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து தேவராஜனிடமிருந்து பதில் வந்தது: "மேற்கண்டதை வழிமொழிகிறேன்."

பாதை இன்னும் திறந்தே இருக்கிறது. அதைச் செப்பனிடும் கூட்டம் சனிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா என்று நேற்று எங்கள் ஈமெயில் குழுவில் கேட்டேன், வந்த பதில் எல்லாமே 'சரி'.