தண்ணீருக்குள் கறுத்த சிவப்பு

கலர் லேப் கவுன்ட்டரில் நிற்பது, யாரோ எடுத்த படத்துக்கு நாம் திட்டு வாங்கும் வேலை. நின்று பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். உங்கள் காதும் என் காதும் ஒன்றுதான்.

மெஷின் மேல் பழி

ராயபுரத்தில் எங்கள் லேப். துறைமுகத்தில் முங்கிக் கப்பலின் அடியைத் தேய்த்துச் சுத்தம் செய்பவர் சூசை அண்ணன். தேய்த்த இடத்தைப் படமெடுத்து கான்ட்ராக்டரிடம் காட்ட வேண்டும். அடியில் இருப்பது சிவப்புப் பெயின்ட், படத்திலோ கறுப்பு. பெயின்ட்டையே சுரண்டிவிட்டாய், இனிமேல் வராதே என்று சொல்லிவிட்டாராம் கான்ட்ராக்டர். எங்கள் மெஷின்தான் நிறத்தைக் கெடுத்தது என்று என்னிடம் வந்து நின்றார் அண்ணன்.

மெஷினில் சிவப்பைக் கூட்டிப் பார்த்தேன். கப்பல், கயிறு, தண்ணீர் எல்லாம் சேர்ந்து சிவந்தன.

"இன்னாம்மா இது, கப்பலைக் கேட்டா மீன் கொழம்பு குடுக்குறே?"

விரல்

மெஷின் தப்பில்லை என்றேன். வெயிலில் எல்லா நிறமும் இருக்கிறது. தண்ணீர் முதலில் சிவப்பைத்தான் விழுங்கும். ஆழத்தில் சிவப்பு வெளிச்சமே இல்லாதபோது சிவப்புப் பெயின்ட் கறுப்பாகத்தான் தெரியும். காலேஜில் படித்ததை மேஜையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தேன்.

சூசை அண்ணன் தழும்பு விழுந்த விரலை நீட்டினார். அடியில் சிப்பி கிழித்தபோது ரத்தம் பச்சையாக வந்ததாம்.

"இன்னா சீக்கோன்னு வூட்டுல கூட சொல்லாம பேஜாராயிக்கினு கீறேன்மா."

கான்ட்ராக்டர்

ஃபிளாஷைப் பெயின்ட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து எடுக்கச் சொன்னேன். அந்தக் கொஞ்சத் தண்ணீருக்குள் ஃபிளாஷ் வெளிச்சத்தின் சிவப்பு தீர்ந்துவிடாது. சூசை அண்ணன் கான்ட்ராக்டரிடம் கெஞ்சிக் கேட்டு இன்னொரு தடவை முங்கினார். இந்த முறை படங்களின் நடுவில் செக்கச்செவேலென்று பெயின்ட், ஓரமெல்லாம் கறுப்பு.

கான்ட்ராக்டர் அவரையும் இழுத்துக்கொண்டு நேரே லேப்புக்கே வந்துவிட்டார். "நீதான் கலர் பூசிக் குடுத்தியா?"

நான் மெஷின் பக்கம் ஒதுங்கிவிட்டேன். சூசை அண்ணன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெஷின்ல கூட்டினா படம் முழுக்கச் சிவக்கும் சார். நடுவுல மட்டும் பூச அதுக்குத் தெரியாது" என்றேன், அங்கிருந்தே.

கான்ட்ராக்டர் படத்தை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி சூசை, நாளைக்கு வேலைக்கு வந்துடு. கேமராவைக் கப்பலோட ஒட்டிப் புடி, இந்தப் பொண்ணு மாதிரி எட்டவே நிக்காதே."

மறுநாள் ஒரு கல்யாண ஆல்பத்தில் மணப்பெண் கறுத்துப்போயிருந்தாள். பழிபோடப் பக்கத்தில் தண்ணீர்தான் இல்லை.