புல்வெளியில் இருபத்திரண்டு வீடுகள்

12-4-1991 — 86.00
8-4-1997 — 140.00
15-4-2004 — 265.50
10-4-2008 — 410.00
11-4-2012 — 735.00

இவை எங்கள் வீட்டுக்கு நகராட்சி வாங்கிய வரி. எல்லா ரசீதும் என்னிடம் இருக்கிறது. ஐந்தை மட்டும் இங்கே எழுதினேன். கடைசி ரசீதைக் கொடுத்த அதே அலுவலகம்தான், அதே ஆண்டு ஆகஸ்டில், எங்கள் தெரு முழுவதையும் ‘காலி நிலம்’ என்று எழுதி வரைபடத்தில் பச்சையடித்தது. காலி நிலத்துக்கு யாராவது வீட்டு வரி வாங்குவார்களா?

நான் சொல்ல வந்தது என் மனைவியின் தங்கையைப் பற்றி. அவள் எங்களுடன்தான் இருக்கிறாள். கல்யாணம் வேண்டாம் என்று ஒரே ஒரு முறை சொன்னாள். அதற்குப் பிறகு கேட்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை. கட்டடங்களுக்கும் பாலங்களுக்கும் சிறிய மாடல் செய்து தரும் பட்டறையில் பில் போடும் வேலைக்குப் போனவள், ஒரு மாதத்திலேயே பெயிண்ட் அடிப்பவரோடு சண்டைக்கு நின்றாள். அவர் எல்லா மாடலையும் பளபளவென்று முடித்துக் கொடுப்பார். “எந்த ஊர்ல சுவரு இப்படி மின்னுது? வீடா, மிட்டாய் டப்பாவா?” என்று கேட்டிருக்கிறாள். அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அந்த வேலை இவளிடம் வந்தது.

அவள் வேலை மேட் பூச்சு. பெயிண்ட் காய்ந்ததும் மேலே அடிக்கிற நிறமில்லாத பூச்சு அது. பளபளப்பைக் கொன்று, உண்மைச் சுவரின் மங்கலைக் கொடுக்கும். பார்க்கச் சின்ன வேலை. மங்கலாக்கும் பொடி டப்பாவின் அடியில் தங்கிவிடும். கலக்காமல் அடித்தால் ஓரிடம் மங்கும், ஓரிடம் மின்னும். தடித்து அடித்தாலும், மழை ஈரத்தில் அடித்தாலும் மாவு தூவியதுபோல வெளுத்துப் போகும். ஒரு முறை தூறலில் அடிக்கச் சொன்னார் மேனேஜர். இவள் மறுத்தாள். அவரே ஸ்ப்ரே கன்னை எடுத்து அடித்தார். ஆஸ்பத்திரி மாடல் ஒன்று மொத்தமாக வெளுத்துவிட்டது. “ஆஸ்பத்திரிக்கே வெண்குஷ்டம் வந்திடுச்சு” என்று பட்டறை முழுக்கக் கேட்கும்படி சொன்னவள் இவள்தான். பட்டறைத் தச்சர் அவளுக்கு வைத்த பெயர் ‘உப்புத்தாள்’. எங்கே தொட்டாலும் சொரசொரப்பு என்றார். அவளுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது.

ஆகஸ்டில் அவள் மேசைக்குப் புதுச் சாலையின் வரைபடம் வந்தது. கால்வாயின் வளைவைப் பார்த்தாள், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவே எங்கள் தெரு இருக்க வேண்டும். சாலையும் அதன் ஓரத்தில் பச்சையும் மட்டும் இருந்தன. படத்தைச் சுருட்டாமல் அப்படியே தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போனாள்.

“இது என்ன?”

“புது ரோடு.”

“ரோடு தெரியுது. இந்தப் பச்சை?”

“காலி நிலம்மா. புல்லு மாதிரி அடிச்சு நாலு மரம் வச்சிடு.”

“இந்தக் காலி நிலத்துலதான் காலையில எழுந்து பல்லு விளக்கிட்டு வந்தேன்.”

மேனேஜர் சிரித்திருக்கிறார். “படத்துல இருக்கறதைச் செய்யறதுதான் நம்ம வேலை. ஊர் வம்பு நமக்கெதுக்கு? பிடிக்கலேன்னா சொல்லு, வேற ஆள் அடிப்பான்.”

“வேற ஆளா? கொசுமருந்து அடிக்கிற மாதிரி அடிச்சு வைப்பான். குடுங்க, நானே அடிக்கிறேன்.”

அன்று மாலை எங்களிடம் சொன்னாள். நகராட்சிக் கூட்டத்தில் அந்த மாடலைக் காட்டி ஒப்புதல் வாங்கப் போகிறார்கள்; வாங்கிவிட்டால் தெரு போயிற்று. மனு எழுதலாம் என்றேன்.

“எழுதுங்க அத்தான், நல்லா எழுதுங்க. அவங்க அதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள அந்த ரோட்டுல பஸ் ஓடும்.”

அவள் வேறு ஒன்று செய்தாள். பச்சைப் பலகை முழுவதும் மேட் பூச்சை மெல்லிசாக ஒரு தடவை அடித்தாள். காய்ந்ததும், மாஸ்க்கிங் டேப்பைக் கட்டைவிரல் நகம் அளவுக்கு வெட்டி, தெருவில் எந்த வீடு எங்கே நிற்கிறதோ அங்கே ஒவ்வொன்றாக ஒட்டினாள். மேலே இன்னும் இரண்டு தடவை அடித்தாள். பிறகு டேப்பை உரித்தாள். உரித்த இடங்கள் சுற்றிலும் உள்ளதைவிட ஒரு இழை பளபளப்பாக நின்றன. மேலேயிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது, வெறும் புல். மேனேஜர் ட்யூப்லைட்டுக்கு அடியில் நின்று பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பக்கவாட்டில் தாழ்வாக வெளிச்சம் விழுந்தால்தான் வீடுகள் எழுந்து வரும்.

கூட்ட மண்டபத்துக்கு இதற்கு முன்பும் மாடல்களை எடுத்துப்போய் வைத்தவள் அவள். மாலை வெயில் எந்த ஜன்னல் வழியாக வரும் என்பது அவளுக்குத் தெரியும். 14-9-2012 அன்று பொதுமக்கள் வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். பொறியாளர் குச்சியை நீட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது, “ரொம்பப் புழுக்கமா இருக்குண்ணே, அந்தத் திரையைக் கொஞ்சம் விலக்குங்களேன்” என்று மண்டபத்து ஊழியரிடம் இவள் சொன்னாள். அவர் விலக்கினார்.

முன்வரிசையிலிருந்த பெண் உறுப்பினர் குனிந்தார். “இதென்ன, புல்லுல கட்டம் கட்டமா மின்னுது?”

பொறியாளரும் குனிந்தார். அவருக்கும் தெரிந்தது. “அது... பெயிண்ட் கோளாறும்மா. பட்டறையில சரியா அடிக்கல.”

இவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். இவள் வேலையும் தப்பியிருக்கும். திட்டமும் அதுதான். ஆனால் பின்வரிசையிலிருந்து குரல் வெடித்தது.

“என் பெயிண்ட்ல கோளாறு கிடையாது! அது வீடுங்க! நீங்க அழிச்ச வீடுங்க! ஆளுங்க குடியிருக்கிற வீட்டைப் புல்லுன்னு எழுதின உங்க படத்துலதான் கோளாறு!”

மண்டபம் அமளியானது. பொறியாளர் மாடல்மேல் துணி போடப் போனார்; அந்த உறுப்பினர் விடவில்லை. தெருவை நேரில் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்று தலைவர் சொல்லி, ஒப்புதலைத் தள்ளிவைத்தார். மேனேஜர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். “நாளைலேர்ந்து வராதே.” “கன் என்னோடது. அதை எடுத்துக்க மட்டும் வருவேன்” என்றாள் இவள்.

நேரில் பார்க்க ஒருவரும் வரவில்லை. பொறியாளர் அன்று கைப்பேசியில் எடுத்த மாடல் படத்தைப் பெரிதாக்கி, மின்னுகிற கட்டங்களை எண்ணி, அறிக்கை எழுதிவிட்டார்கள். எதிர்வீட்டுத் தையல்காரர் நகராட்சியின் கடிதத்தை உயர்த்திப் பிடித்தபடி ஓடி வந்தார். “நம்ம தெரு பிழைச்சிடுச்சு சார்! ரோட்டைக் கால்வாய்ப் பக்கம் ஒதுக்கிட்டாங்க!”

நான் அதிலிருந்த பட்டியலைப் படித்தேன். இருபத்திரண்டு வீடுகள். எங்கள் தெருவில் இருப்பது இருபத்து மூன்று. கடைக்கோடி வீடு இல்லை. அது எங்கள் வீடு. ஒதுங்கிய சாலை திரும்பும் இடத்தில் இன்னும் ‘காலி நிலம்’ என்றே இருந்தது.

அச்சுப்பிழை என்று நினைத்து அவளிடம் காட்டினேன். அவள் முகம் மாறியது.

“நம்ம வீட்டுக்கு நான் டேப் ஒட்டலை அத்தான்.”

“ஏன்?”

“ஒட்டினா, தன் வீட்டுக்காகச் செஞ்சாள்னு சொல்லிடுவாங்கல்ல? மத்தவங்க வீட்டுக்காகக் கேட்டா நியாயம். வந்து பார்த்தா இருபத்து மூணும் கண்ணுக்குத் தெரியப்போகுதுன்னு நெனச்சேன். வராமலே எழுதுவாங்கன்னு யாருக்குத் தெரியும்?”

என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். “பெரிய நியாயஸ்தி! ஊரான் வீட்டையெல்லாம் நகத்தளவு வெட்டி ஒட்டத் தெரிஞ்சவளுக்கு, சோறு போட்ட வீட்டுக்கு ஒரு துண்டு டேப் இல்லாமப் போச்சா?”

“இருந்துச்சுக்கா. கையில வச்சிருந்தேன். ஒட்டலை.”

அன்றைக்கு எனக்கு அவள்மேல் வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய கோபம், வந்து பார்க்காத கால்கள்மேல்.

நகராட்சி அலுவலகத்துக்குப் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் படத்தை எங்கள் பக்கம் திருப்பினார். “பாருங்க சார், நீங்க சொல்ற இடத்துல மாடல்ல ஒண்ணும் இல்லையே.”

“வீடு மாடல்லயா இருக்கு? தரையில இருக்குய்யா” என்றேன்.

“அந்த மாடலைச் செஞ்சதே இவங்கதானே? அவங்களே காட்டலையே!”

“நான் பெயிண்ட் அடிக்கிறவ. சர்வே எடுக்கிறதுக்கு நீங்க சம்பளம் வாங்கறீங்களா, நான் வாங்கறேனா?” என்று இவள் மேசையைத் தட்டினாள். தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. நாளைக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னார்.

தெருவார் கையெழுத்துடன் மனு கொடுத்தால் வலு என்று வீடு வீடாகப் போனேன். பாதிப் பேர் போட்டார்கள். தையல்காரர் பேனாவைத் தொடவில்லை. “மறுபடி நம்ம பேரை அங்க கொண்டு போனா நம்மளையும் சேர்த்து எழுதிடுவாங்க சார். புள்ளகுட்டிக்காரன் நான்.” அவருடைய வீட்டுக்கு முதல் டேப் ஒட்டியவள் எனக்குப் பின்னால்தான் நின்றாள். என் கையிலிருந்து மனுவை வாங்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

நாளை என்றவர்கள் ஒரு வருடம் கழித்து வந்தார்கள். இளைஞர் ஒருவர் வந்து, கூடத்தில் நின்று, என் மனைவி கொடுத்த தண்ணீரைக் குடித்து, நாலு சுவரையும் அளந்தார். “வீடுதான்” என்று எழுதிக்கொண்டார். “நல்லாப் பாத்துக்கோப்பா, மின்னுதான்னு” என்றாள் உப்புத்தாள். அவருக்குப் புரியவில்லை.

கடைசிக் கடிதம் பதிவுத் தபாலில் வந்தது. எங்கள் மனு ஏற்கப்பட்டதாம். மேற்படி இடத்தில் வீடு இருப்பது உறுதி செய்யப்பட்டு, பட்டியலில் இருபத்து மூன்றாவதாகச் சேர்க்கப்பட்டதாம். சாலையின் திருப்பத்துக்கு அந்த இடம் தேவைப்படுவதால், மேற்படி வீட்டை மூன்று மாதத்துக்குள் காலி செய்து ஒப்படைக்க வேண்டுமாம்.

அவள் நின்றபடியே படித்தாள். “வீடுன்னு ஒத்துக்கிட்டானுங்க அத்தான். ஒத்துக்கிட்டுத்தான் இடிக்கிறானுங்க” என்று காகிதத்தை என்னிடம் நீட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அலுவலகம் நோக்கிக் கிளம்பினாள். என் மனைவி கதவைப் பூட்டாமலே அவள் பின்னால் ஓடினாள். நான் உறையின்மேல் வந்த தேதியைக் குறித்துவிட்டு அவர்கள் பின்னால் போனேன்: 6-3-2014.