வளையல் அளவு பேக்கிங்

நான் வாங்கிய மோட்டார் சைக்கிள் ஏற்கெனவே இரண்டு பேரிடம் அடிபட்டு வந்தது. வாங்கிய வருடமே எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகும் பெண்ட் பைப் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. மந்தாரக்குப்பத்து மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். பைப் எங்கே கிடைக்கும் என்று மட்டும் சொல்லுங்கள், மாட்டுவதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மைன்ஸுல நீங்க பாக்குறதெல்லாம் யானைங்க. இது கொசுங்க. கொசுவுக்கு உங்க கை ஆவாது."

பதினோரு வருடம் சுரங்கத்து ராட்சத எந்திரங்களில் ஃபிட்டராக வேலை பார்த்தவனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா இது? அவர் அதை மரியாதையாகச் சொன்னதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. கடலூருக்கு பஸ் ஏறி, வண்டியோடு வந்ததைவிடச் சற்றுப் பருமனான புது பைப் ஒன்றை வாங்கினேன். ஓட்டமும் கூடும், சத்தமும் கம்பீரமாக இருக்கும் என்றார் கடைக்காரர். பில்லை பஸ்ஸிலேயே கசக்கி எறிந்தேன்.

மாதச் சம்பளம் வாங்கும் நிரந்தர ஊழியன் குவார்ட்டர்ஸ் வாசலில் பனியனோடு மண்ணில் படுத்துக் கிடப்பதை எங்கள் பிளாக்கில் யாரும் பார்த்ததில்லை. பால் வாங்கப் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கென்ன? கை நீள ஸ்பேனரில் தொங்கிப் பழகியவன், அன்று இரண்டே விரலால் நட்டைத் திருகினேன். பழைய பைப் கழன்றது. அதற்கும் எஞ்சினுக்கும் நடுவே புகை கசியாமல் அடைக்கும் பேக்கிங் வளையம் பொடியாக உதிர்ந்தது. புதிதாக ஒன்று வேண்டும். என் டூட்டிப் பையின் அடியில் பேக்கிங் ஷீட் துண்டு ஒன்று கிடந்தது. செங்கல் நிறம், ஒரு பக்கம் வெள்ளை எழுத்து. ஏதோ ஒரு பம்புக்கு வெட்டியதில் மிஞ்சியது. என் மனைவியின் கத்தரிக்கோலை எடுத்து வளையமாக வெட்டி உள்ளே வைத்து முடுக்கினேன். இரண்டாவது உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. கொசுவுக்குக் கை ஆகாதாம்.

எங்கள் ஊரில் தாமதமில்லாமல் போய்ச் சேருபவை இரண்டு. ஒன்று ஷிப்ட் பஸ், இன்னொன்று மொட்டைக் கடிதம். மூன்றாவது வாரம் செக்யூரிட்டி ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். வேலையிடத்துப் பைப்பை வளைத்து என் வண்டியில் மாட்டியிருக்கிறேனாம். அந்த மாதம் சார்ஜ்மேன் புரமோஷன் லிஸ்ட் வரவேண்டியது. அதில் என் பெயர் இருந்தது. எழுதியவருக்கு அது தெரியாமலா இருக்கும்?

அங்கிருந்த ஆபீசர் பட்டாளத்திலிருந்து வந்தவர், நிதானமான மனிதர். "எந்தக் கடையில மாட்டினீங்க?" என்று கேட்டார்.

"நானே வீட்ல மாட்டினேன் சார்."

"பைப் வாங்கின பில்?"

"இல்ல சார்."

"கடையில மாட்டியிருந்தா அந்த பில்லாவது இருக்கும். நாளைக்குள்ள ஏதாவது கொண்டுவாங்க. லிஸ்ட் மேல போகப்போகுது."

மெக்கானிக்குக் காற்றுவாக்கில் செய்தி போயிருந்தது. சாயங்காலம் அவரே என்னை வழிமறித்தார். "நான்தான் பைப்பு வாங்கி மாட்டுனேன்னு ஒரு பில்லு எழுதித் தரேங்க. எதுக்கு வம்பு பண்ணிக்கினு நிக்கிறீங்க?" நல்ல மனதோடுதான் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். நான் ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. மண்ணில் புரண்டு மாட்டியவன் நான், பெயர் அவருக்கா? அதுதான் என் கோபம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மறுநாள் காலை வண்டியோடும் ஸ்பேனர்களோடும் செக்யூரிட்டி ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். "சார், இங்கயே கழட்டிக் காட்டறேன். பைப் செஞ்ச கம்பெனி முத்திரை உள்பக்கம் இருக்கு. இந்த வண்டியில வேலையிடத்துச் சாமான் குண்டூசி அளவு இருந்தாலும் நீங்க சொன்னபடி கேட்கிறேன்." ஷிப்ட் முடிந்து போனவர்கள் ஏழெட்டுப் பேர் நின்றுவிட்டார்கள். எனக்கு அது இன்னும் தெம்பாக இருந்தது.

முதல் நட்டு வந்தது. இரண்டாவது நட்டு பாதி வந்தபோதுதான் அந்த வளையம் ஞாபகம் வந்தது. பைப்பை இழுத்தேன். முத்திரை பளிச்சென்று தெரிந்தது. ஆபீசர் குனிந்து படித்தார். "சரி, முடிஞ்சது. மாட்டிக்கிட்டுக் கிளம்புங்க" என்றார். வளையம் என் கையில்தான் இருந்தது. உள்விளிம்பு கரிந்து, வெளிவிளிம்பில் செங்கல் நிறம் தெரிந்தது. அவருக்கு அது என்னவென்றே தெரியாது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் குண்டூசி அளவு என்று நான்தானே ஊர் கேட்கச் சொன்னேன்? சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"சார், பைப் என்னுது. இந்தப் பேக்கிங் என்னுது இல்ல. வேலையில மிஞ்சின துண்டு" என்று சொல்லி, உள்ளே போய் அவர் மேஜைமேல் வைத்தேன்.

அவர் முகம் சிவந்தது. "இதை நான் கேட்டேனாய்யா?" என்றார். கேட்கவில்லைதான். ஆனால் சொன்ன பிறகு அவரும் எழுதித்தான் ஆக வேண்டும், எழுதினார். எச்சரிக்கை மெமோ வந்தது. லிஸ்டிலிருந்து என் பெயர் போயிற்று, ஒரு வருடத்துக்கு. என் மனைவி மெமோவை இரண்டு தடவை படித்துவிட்டுக் கையிலிருந்த வளையலைக் கழற்றி அதன்மேல் வைத்தாள். "இத்தனூண்டுக்கு ஒரு வருஷமா?" என்றாள். அன்று எனக்கு அழுகை வந்தது. அழவில்லை.

அந்த மெமோ வருவதற்கு முன், பைப்பைக் கழற்றிக் காட்டிய அன்றைக்கே இன்னொன்று நடந்தது. பேக்கிங் இல்லாமல் பைப்பை மாட்டிக்கொண்டு மந்தாரக்குப்பம் போனேன். வண்டி போட்ட கூச்சலில் நைட் ஷிப்ட் முடித்துப் படுத்திருந்தவர்கள் லுங்கியோடு வாசலுக்கு வந்து திட்டினார்கள். திட்டட்டும். மெக்கானிக்கிடம் ஒரு பேக்கிங் கேட்டேன். சுவரில் மாட்டியிருந்த ஷீட்டை எடுத்துப் போட்டு வெட்டத் தொடங்கினார். செங்கல் நிறம். வெள்ளை எழுத்து.

"இது எங்கேருந்து?"

"நீங்க வேல பாக்குற எடத்துலேந்துதாங்க. பழைய சாமான எடைக்கு எடுக்குறவன் கொண்டாந்து போடுவான். உங்களுக்கு பில்லோட தரேன், பயப்படாதீங்க."

சிரித்துவிட்டேன். அவருக்கு ஏனென்று புரியவில்லை. முதலிலேயே அவரிடம் வண்டியை விட்டிருந்தால் இதே ஷீட்டில் வெட்டிய வளையம்தான் உள்ளே இருந்திருக்கும், அவர் பில்லைக் காட்டி நானும் யோக்கியனாக சார்ஜ்மேன் ஆகியிருப்பேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்தேன்.

அடுத்த வாரம் கடலூரில் பேக்கிங்குக்கு ஒரு செம்பு வளையம் வாங்கினேன். பில்லைக் கேட்டு வாங்கினேன். அதே வாசலில், அதே மண்ணில் படுத்து, போகிறவர் வருகிறவர் பார்க்க மாட்டினேன். மொட்டைக் கடிதம் எழுதியவர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அதனால் எல்லோரும் படிக்கட்டும் என்று பில்லை வாசற்கதவின் வெளிப்பக்கம் பசை தடவி ஒட்டினேன். அதன் அடியில் பேனாவால் ஒரு வரி எழுதினேன்: மாட்டியது நான்.