தவிட்டுக்கு வாங்கிய தம்பி

ஒரு கைப்பிடித் தவிடு. திருத்தணி மலைக்கோயிலில் அதைக் கொடுத்துத்தான் அம்மா என் தம்பியை வாங்கினாள். சீன யுத்த காலம், எனக்குப் பத்து வயது. பிள்ளைகள் தொடர்ந்து இறந்துபோகும் வீட்டில் அடுத்துப் பிறப்பதை முருகனுக்குத் தத்துக் கொடுப்பார்கள். உறவுக்காரி ஒருத்தி தவிடு கொடுத்து அதை வாங்கி, பெற்றவளிடமே திருப்பித் தருவாள். வேறு யாருடைய பிள்ளையோ என்று சாவு ஏமாந்துபோகும் என்பது நம்பிக்கை.

பெற்றவள் என் சின்னம்மா. மூத்தது காய்ச்சலில் போயிற்று, அடுத்தது வாந்திபேதியில். மூன்றாவது ஒன்பது நாள் இருந்தது. இனி வேண்டாம் என்றாள். சித்தப்பா கேட்கவில்லை. “எங்க வூட்ல ஆறு பேரு பொறந்தோம், நான் ஒருத்தன்தான் நிக்கறேன். நாலஞ்சு பெத்தாத்தான் ஒண்ணாவது தங்கும்” என்பார். கொடுமைக்காரர் அல்ல, கூடப் பிறந்த ஐந்து பேரையும் பறிகொடுத்தவர். “பெத்துடலாங்க. பொதைக்க எனக்குத் தெம்பு இல்ல” என்பாள் இவள். சாவுகள் அவரை மேலும் பிள்ளை கேட்க வைத்தன. அவளை ஒன்றுமே வேண்டாம் என்று சொல்ல வைத்தன.

நான்காவது பிறந்தது. அதைத்தான் அன்று சன்னதியில் அம்மா அவளிடம் நீட்டினாள். சின்னம்மா கைகளைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

“புடிடி, கை கடுக்குது.”

“நீதான வாங்கிகின. உன் புள்ள. நீயே வச்சுக்கோக்கா.”

“பாலு யாரு குடுப்பா, மலை மேல கீற சாமியா?” என்றார் சித்தப்பா.

“அக்கா குடுக்கும். அதுகிட்டயும் கைக்குழந்தை கீதில்ல.”

திரும்பிப் பார்க்காமல் படி இறங்கினாள். ஒரு வாரத்துக்குள் வந்து வாங்கிக்கொள்வாள் என்று நினைத்தோம். எங்கள் தெருவுக்கு வந்தாலும் எதிர்ச்சாரியில் நின்று அவனைப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். தன் கை பட்டால் சாவு அடையாளம் கண்டுகொள்ளும் என்று நம்பினாள்.

“வேற வூட்ல வளர்றது எப்டி என் புள்ளயாவும்?” என்று சித்தப்பா மறுபடி ஆரம்பித்தார். இரண்டு வருஷத்தில் ஐந்தாவது பிரசவம். குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. சின்னம்மாவும் பிழைக்கமாட்டாள் என்று தெரிந்ததும் அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கதவருகே அவனைக் கண்டதும் சின்னம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். “எடுத்துகினு போக்கா. சாவு இங்கதான் கீது” என்று கத்தினாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

தம்பிக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. போன மாதம் கேட்டான்: “கடைசியா என்னைக் கேட்டாங்களாக்கா?”

“ஆங், பேர் சொல்லிக் கூப்ட்டாங்க” என்றேன்.

அவன் பெயரை அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.